முறிந்த மூக்கும் தவறவிடும் நாட்களும்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மூக்கில் அடிபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "எக்ஸ்ரே எடுத்ததோ?" எடுத்தது, முறிவு இல்லையாம் என்று சொன்னால் வந்தவர்களும் வீட்டுக்காரரும் ஒருமிக்க ஆறுதலடைந்து, தேநீரைக் குடித்துவிட்டு வெளிநாட்டுக் கதைகளுக்குப் போய்விடுவார்கள். முறிவாம் என்று சொன்னாலோ, அப்படியென்றால் ஏன் உடனே நேராக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று வைத்தியசாலையைத் திட்டத் தொடங்குவார்கள். அந்த ஆறுதலுக்கும் இந்தக் கோபத்துக்கும் மருத்துவத்தில் பெரிய ஆதாரம் கிடையாது. ஆறுதலடையக்கூடாத இடத்தில் ஆறுதலடைகிறோம், கோபப்படத் தேவையில்லாத இடத்தில் கோபப்படுகிறோம், இரண்டுக்கும் நடுவே மூக்கை ஒழுங்காகத் திருத்தக்கூடிய சில நாட்கள் கையைவிட்டுப் போய்விடுகின்றன. எங்கள் குடும்பத்தில் ஒரு மூக்கு அப்படிப் போனது. இன்னொன்று போகப் பார்த்தது.

மூக்கு என்று நாம் தடவிப் பார்ப்பதில் மேலே உள்ள மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. புருவங்களுக்கிடையில் தடித்துத் தொடங்கி, கீழே வர வர மெலிந்துபோகும் இரண்டு சிறிய எலும்புகள் அவை. முகத்தில் அதிகமாக முறிபவையும் அவையே, அதிலும் கண்களின் உள்மூலைகளை இணைக்கும் கோட்டுக்குக் கீழேயுள்ள மெலிந்த பகுதியே பெரும்பாலும் முறிகிறது. மீதி முழுவதும் குருத்தெலும்பு. இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்புதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. எலும்புப் பகுதியிலும், எலும்புகள் பொருந்தும் கோடுகளும் இரத்தக்குழாய் போகும் பள்ளங்களும் எப்போதோ முறிந்து ஆறிய பழைய அடையாளங்களும் புதிய முறிவைப் போலவே படத்தில் விழும். உண்மையான முறிவு விழாமலும் போகும். அதனால்தான் தனியாக மூக்கு மட்டும் அடிபட்டவருக்கு எக்ஸ்ரேயை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. கண்ணாலும் விரலாலும் பார்த்துத்தான் மூக்கு முறிவைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்குழி, கன்ன எலும்பு, தாடை என்று வேறு இடங்களிலும் முறிவு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் சீ.ரீ. ஸ்கான் எடுப்பது வேறு விடயம்.

அண்ணாவின் மூக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடையும் மின்சாரமில்லாத இரவுகளுமாக யாழ்ப்பாணம் இருந்த காலத்தில், உதைபந்தாட்டத்தின்போது எதிரணிப் பையன் ஒருவனின் முழங்கை அண்ணாவின் மூக்கில் நேரே வந்து பட்டது. இரத்தம் வந்து நின்றது. அந்த நாட்களில் ஒரு படம் எடுக்கக் கிடைப்பதே பெரிய காரியம். எப்படியோ எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை என்றார்கள். அது முழு உண்மை. எலும்பு முறியவேயில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. அடுத்த நாள் இரண்டு துவாரங்களும் அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபோது, இரத்தக் கட்டிதான் அடைத்திருக்கிறது என்று அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். பிறகு காய்ச்சல் வந்தது, மூக்கு நுனி சிவந்து தொடமுடியாத நோவு வந்தது. மறுபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது உள்ளே சீழ் கட்டியிருந்தது. வெட்டிச் சீழை எடுத்துவிட்டார்கள், அவரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் மாதங்கள் போகப் போக மூக்குத்தண்டின் நடுப்பகுதி உள்ளே இறங்கிவிட்டது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ரொறன்ரோவில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அவருக்கு இதை விளக்கினாராம். நடுச்சுவரின் குருத்தெலும்புக்குத் தனக்கென்று இரத்தக்குழாய்கள் இல்லை. இரண்டு பக்கமும் அதை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அது உயிர்வாழ்கிறது. அடிபட்டதில் அந்த உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கினால், உறை விலகிக் குருத்தெலும்பு பட்டினியில் விழுகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் அது இறக்கத் தொடங்கிவிடும். தேங்கிய இரத்தத்தில் கிருமி தொற்றினால் இன்னும் விரைவாகக் கரைந்துபோகும். தாங்கிக்கொண்டிருந்த சுவர் கரைந்தபின் மேலே உள்ள தண்டு இறங்குகிறது. கிருமி அங்கிருந்து மூளைப்பக்கம் ஏறினால் உயிராபத்தும் உண்டு. அண்ணாவுக்கு விலா எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மூக்கில் வைத்துத் தண்டை உயர்த்தினார்கள். நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் நெஞ்சில் ஒரு தழும்பும், சில மணித்தியாலங்கள் மயக்கத்தில் கிடந்து செய்துகொண்ட பெரிய சத்திரசிகிச்சையும், உரிய நேரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இரத்தத்தை வெளியேற்றியிருந்தால் தேவைப்பட்டிராதவை.

இந்த இரத்தத் தேக்கத்தைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்காத விடயம். மூக்கு நுனியை விரலால் மேலே தூக்கி, வெளிச்சம் பிடித்து, உறைந்த இரத்தத்தைத் துடைத்தெடுத்துவிட்டுப் பார்த்தால் நடுச்சுவரில் கருஞ்சிவப்பாகப் பொம்மிய ஒரு வீக்கம் தெரியும். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டால் மெத்தென்று அமுங்கும். வளைந்த சுவர் என்றால் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் குழிந்திருக்கும், தொட்டால் கடினமாக இருக்கும். சளிச்சவ்வு வீக்கம் என்றால் அடைப்பு நீக்கும் சொட்டுமருந்து விட்டதும் சுருங்கும். இரத்தத் தேக்கம் சுருங்காது. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பரிசோதனை. வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தெரியவேண்டியதில்லை. அடிபட்ட பிறகு நேரம் போகப் போக அடைப்புக் கூடுகிறது, அதுவும் இரண்டு பக்கமும் அடைக்கிறது, நோவும் காய்ச்சலும் சேர்கின்றன என்றால், முதல் நாள் எடுத்த படத்தில் என்ன எழுதியிருந்தாலும் அன்றைக்கே திரும்பிக் கொண்டுபோகவேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். எலும்பு முறியாமலே நடுச்சுவரில் இரத்தம் தேங்குவது அவர்களில் நடக்கக்கூடும். அதேபோல, மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகிக்கொண்டேயிருந்தால் அதைத் தடிமன் என்று விட்டுவிடக்கூடாது. மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிவதாக இருக்கலாம்.

துண்டில் எழுதியிருந்தது

அக்காவின் மகனுக்கு அடிபட்டது வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டி நெருங்குகிற, ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் கிரிக்கெட் பித்துப் பிடிக்கிற அந்த மாசி மாதத்தில். உயர்தரம் படிக்கிறவன். தலைக்கவசம் போடாமல் வலைக்குள் துடுப்பெடுத்தாடப் போயிருக்கிறான். துடுப்பின் மேல் விளிம்பில் பட்டுக் கிளம்பிய பந்து மூக்கின் இடப்பக்கத்தில் அடித்திருக்கிறது. 160 கிராமளவு எடையுள்ள கடினப் பந்து அது. அவனைத் தூக்கிக்கொண்டு போன நண்பர்கள் வழி முழுவதும் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தமெல்லாம் தொண்டைக்குள் இறங்கி, போய்ச்சேர்ந்ததும் வாந்தியாக வந்தது. முன்னுக்குக் குனிந்து இருக்கவேண்டும் என்பதை எங்கள் பாடசாலைகளில் எந்த விளையாட்டுப் பொறுப்பாசிரியராவது மைதானத்தில் வைத்துச் செய்து காட்டியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நானும் ஆசிரியன் என்பதால் இதைச் சொல்ல உரிமை உண்டு.

கொண்டுபோனது ஒரு தனியார் வைத்தியசாலைக்கு. இந்தத் தடவை படத்தில் முறிவு இருந்தது. இரத்தத்தை நிறுத்தி, நோ மாத்திரை கொடுத்து, ஒரு துண்டில் ஏதோ எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்களைச் சுற்றி நீலம் பாரித்து, மூக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத வீக்கத்தோடு அவன் வந்து படுத்திருந்ததைப் பார்த்து அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முறிஞ்சு போச்சு எண்டு அவையே சொல்லுகினம், பிறகேன் நிமித்தாமல் விட்டவை? காசு வாங்கத் தெரியுது" என்றார். அவருடைய அடுத்த யோசனை முறிவு நெரிவு வைத்தியர். எங்கள் பகுதியில் கை கால் முறிவுக்கு எண்ணெய் பூசிப் பத்துப்போட்டுக் கட்டுகிற பரம்பரை வைத்தியர்கள்மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை சும்மா வந்ததன்று, நானும் மணிக்கட்டைக் கொண்டுபோய்க் காட்டியவன்தான். ஆனால் பக்கவாட்டில் அடிபட்ட மூக்கில் ஒரு பக்கத்து எலும்பு உள்ளே அமிழ்ந்துபோயிருக்கும். அதை உள்ளேயிருந்து தூக்கியெடுக்கவேண்டும். வெளியே எவ்வளவு பக்குவமாக அமத்திக் கட்டினாலும் அது இன்னும் உள்ளேதான் போகும். அம்மாவிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

உடனே நிமிர்த்தாமல் அனுப்பியதில் தவறில்லை. அடிபட்ட ஒன்றிரண்டு மணித்தியாலங்களில், வீக்கம் ஏறுவதற்கு முன் கிடைத்தால் அப்போதே நிமிர்த்தலாம். வீக்கம் ஏறிவிட்டால் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது, நிமிர்த்தியபின் சரியாக வந்துவிட்டதா என்பது எதுவுமே தெரியாது. தெரியாமல் செய்கிற திருத்தம் கோணலில்தான் முடியும். அதனால் மூன்று முதல் ஐந்து நாட்கள் விட்டு, வீக்கம் வற்றியபின் மறுபடி பார்க்கிறார்கள். அப்போது நிமிர்த்துவதா வேண்டாமா என்று தீர்மானித்து, வளர்ந்தவர்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் செய்துவிடவேண்டும். பிள்ளைகளில் எலும்பு விரைவாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு வாரத்தைத் தாண்ட விடுவதில்லை. அதற்குப் பிறகு விலகிய எலும்பு விலகிய இடத்திலேயே பிடித்துவிடும். அதை அசைக்கவேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருந்து, உளியால் எலும்பை மறுபடி வெட்டி, நடுச்சுவரையும் சேர்த்துத் திருத்துகிற பெரிய சத்திரசிகிச்சைக்குத்தான் போகவேண்டும்.

ஆகவே வீட்டுக்கு அனுப்பியதற்காக அல்ல, திரும்பி வரவேண்டிய நாளை விளங்கும்படி வாயால் சொல்லாமல் அனுப்பியதற்காகத்தான் அம்மா கோபப்பட்டிருக்கவேண்டும். துண்டில் அது எழுதியிருந்தது. ஐந்து நாளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டவும் என்று ஆங்கிலத்தில், சுருக்க எழுத்துகளில், பேனை போன போக்கில் இருந்தது. அக்கா அதை மருந்துக் கடைக்கான துண்டு என்று நினைத்து மாத்திரை உறைகளோடு சேர்த்து வைத்துவிட்டார். அவர் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்றவர். என்றாலும் அந்தக் கையெழுத்தை அவர் வாசித்திருந்தால்தான் ஆச்சரியம். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் எங்கள் பையன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, சத்திரசிகிச்சை நூலைக்கூடத் தமிழில் ஆக்கினார். அவர் ஊரை விட்டுப் போனது 1873 இல். அதே மானிப்பாயில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு, மகனின் மூக்கைத் திருத்த எத்தனை நாள் இருக்கிறது என்ற ஒரு வரி இன்றும் தமிழில் வந்துசேரவில்லை. பக்கத்து வீட்டில் மருத்துவபீடத்து மாணவி ஒருத்தி இருந்தாள், அவள் மருந்து விபரம் பார்க்கக் கேட்டு அந்தத் துண்டை வாசித்தாள், நாட்கள் மிஞ்சின.

அடையாள அட்டைப் படம்

அரச வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் திங்கட்கிழமைக் கூட்டம் எப்படியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களைக் கூப்பிட்டபோது மதியமாகிவிட்டது. நிபுணர் ஒரு பெண்மணி. மருமகனின் மூக்கைத் தொடுவதற்கு முன், வெளிச்சத்தில் நேரே இருத்தி, எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்று, தலைக்கு மேலிருந்து குனிந்து நெற்றியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். பிறகு துவாரங்களுக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அடிபட முதல் எடுத்த படம் ஏதும் கொண்டந்தனீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

அக்கா கைத்தொலைபேசியைத் திறந்து மகளின் சாமத்தியவீட்டு அல்பத்தைக் காட்டினார். எங்கள் ஊர்ப் படப்பிடிப்பாளர்களின் கைவண்ணம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. முகமெல்லாம் வெள்ளையடித்ததுபோல் பளபளத்தது, நிழலென்ற ஒன்றே இல்லை. நிபுணர் சிரித்துவிட்டு, "இதிலை ஒருத்தருக்கும் மூக்கையே காணேல்லை" என்றார். மருமகன் தன்னுடைய தொலைபேசியில் இருந்த செல்பிகளைக் காட்டினான். அதையும் அவர் ஒதுக்கினார். முன்பக்கக் கமராவில் எடுக்கிற படங்கள் பல தொலைபேசிகளில் இடம் வலம் மாறிச் சேமிக்கப்படும். இடப்பக்கம் சாய்ந்த மூக்கு வலப்பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். அத்தோடு கைநீளத்துக்குள் வைத்து எடுக்கிற படத்தில் மூக்கு பெருத்துப்போகும். 2018 இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியதன்படி, ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 வீதம் கூடித் தெரிகிறது. "அடையாள அட்டை இருக்கோ தம்பி? அதை எடும்" என்றார்.

அந்த அட்டையில் இருந்தது, சாதாரண தரப் பரீட்சைக்காக அவசரமாக எடுத்த, சிரிக்காத, எந்தத் திருத்தமும் இல்லாத நேர்முகப் படம். அதை அவர் மருமகனின் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, மறுகைப் பெருவிரலைப் புருவ நடுவிலிருந்து மூக்கின்மேல் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார். கண்களின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே விரல் நின்றது. அங்கே இடப்பக்கம் ஒரு படி போல அமிழ்ந்திருந்தது, வலப்பக்கம் புடைத்திருந்தது. அது புதியது. ஆனால் அதற்குக் கீழே, குருத்தெலும்புப் பகுதி இடப்பக்கம் சரிந்திருந்தது, அட்டைப் படத்திலும் அதே சரிவு இருந்தது. அவனைப் பிறந்த நாளிலிருந்து பார்த்துவருகிற எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. சின்ன வயதில் விழுந்தெழும்பியதில் ஏற்பட்டிருக்கலாம், இயல்பாகவே அப்படி வளர்ந்திருக்கலாம். நாங்கள் ஐந்து நாட்களாகக் கோணல், கோணல் என்று பதறிக்கொண்டிருந்ததில் மேல்பாதிதான் பந்து செய்த வேலை.

"மேலை உள்ள எலும்பை இந்தக் கிழமை நிமித்தலாம். கீழை உள்ளது பழசு, நடுச்சுவர் வளைஞ்சிருக்கு. அதை இப்ப, அடிபட்ட சூட்டோடை நேராக்கப் போகக்கூடாது. அடிபட முதல் இருந்த மூக்கைத்தான் திருப்பி எடுக்கப் பாக்கிறம், அதிலும் கொஞ்சம் கோணல் மிஞ்சலாம்" என்று சொன்னார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ, முதன்முறையாக ஒருவர் எங்களிடம் முழுவதையும் சொல்கிறார் என்ற எண்ணம் வந்தது. மூக்கு முறிவைத் திருத்தியபின் ஏமாற்றம் அடைகிறவர்களில் ஒரு பகுதியினர், திருத்தம் பிழைத்ததால் ஏமாறுவதில்லை. எதை நோக்கித் திருத்துகிறார்கள் என்பதை ஒருவரும் முன்கூட்டிப் பேசாததால் ஏமாறுகிறார்கள். முன்னிருந்த மூக்கு எப்படியிருந்தது என்று தெரியாமல் நேர்கோட்டை மட்டும் இலக்காக வைத்து எலும்பைத் தள்ளினால், நல்ல எலும்பையும் சேர்த்து இடம்மாற்றிவிட நேரும்.

மற்றப் பகுதி உண்மையாகவே திருத்தம் பிழைத்தவர்கள். மருத்துவ ஏடுகளில் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி, வெட்டாமல் நிமிர்த்தும் இந்தச் சிகிச்சைக்குப் பின் 100 பேரில் 14 முதல் 50 பேர் வரை ஏதோ ஓரளவு கோணல் எஞ்சுகிறது. ஆய்வுக்கு ஆய்வு இவ்வளவு வேறுபடுவதற்கு எதைக் கோணல் என்று கொள்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் காரணங்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது நடுச்சுவர்தான். எலும்போடு சேர்த்து அதுவும் முறிந்து மடிந்திருக்கும். வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது. ஓட்டு வீட்டின் முகட்டு வளை கோணியிருக்கையில் ஓடுகளை மட்டும் நேராக அடுக்கினால் அவை மறுபடி சரிவதுபோல, மடிந்த நடுச்சுவரை விட்டுவிட்டு மேலே உள்ள எலும்பை மட்டும் நிமிர்த்தினால், மேசையில் நேராக வந்த மூக்கைச் சுவர் சில வாரங்களில் பழைய பக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். நடுச்சுவர் மோசமாக முறிந்திருக்கிறது என்று தெரிந்தால், அதையும் திறந்து திருத்தவேண்டுமா என்பதை நிமிர்த்துவதற்கு முன்னரே யோசிக்கவேண்டியிருக்கிறது. அன்று நிபுணர் துவாரங்களுக்குள் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மருமகனின் சுவர் வளைந்திருந்ததே தவிரப் புதிதாக முறிந்திருக்கவில்லை.

நிமிர்த்தியதும் பிறகும்

அதே கிழமையில் நிமிர்த்தினார்கள். மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்வதும் உண்டு. இவனுக்குச் சிறிது நேர மயக்கத்தில் செய்தார்கள். நான் உள்ளே போகவில்லை. ஆனால் வாட்டில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இரத்தக்குழாய்கள் சுருங்குவதற்காக மருந்தில் தோய்த்த பஞ்சை முதலில் வைப்பார்கள். எலும்பைத் தூக்கும் தட்டையான கருவியை உள்ளே விடுவதற்கு முன், மூக்கின் வெளிப்பக்கத்தில் வைத்து, துவாரத்திலிருந்து மூக்கின் மேல்மூலை வரை அளந்து, அதில் ஒரு சென்ரிமீற்றர் குறைத்து விரலை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்த விரலைத் தாண்டிக் கருவி உள்ளே போகக்கூடாது, மேலே மூளையின் அடித்தளம் இருக்கிறது. அமிழ்ந்த எலும்பை முதலில் வெளியே தூக்கிவிட்டு, அதன்பின் புடைத்த பக்கத்தைப் பெருவிரலால் அமத்துவார்கள். ஒன்றுக்கொன்று கொளுவிக்கொண்டிருக்கும் எலும்புகளைச் சில வேளை அடிபட்ட திசையிலேயே இன்னும் சிறிது தள்ளி விடுவித்த பிறகே திருப்பிக் கொண்டுவரமுடியும். அரைகுறையாக முறிந்து வளைந்த எலும்பை அப்படியே விட்டால் அது தன் வளைவுக்கே திரும்பும், ஆகவே அதை முழுவதும் அசையவிட்டு எடுப்பார்கள். வால்ஷம் என்ற சத்திரசிகிச்சையாளரின் பெயரால் வழங்கும் ஓர் இடுக்கி உண்டு. அதன் ஓர் அலகு உள்ளே போகும், மற்ற அலகு வெளியே தோலின்மேல் இருக்கும், தோல் நசியாமலிருக்க அதற்கு இரப்பர்க் குழாய் மாட்டியிருப்பார்கள். எல்லாமே சில நிமிட வேலை. சில நிமிட வேலை என்பதால் அதைச் சின்ன வேலை என்று சொல்லமுடியாது என்று அந்த இளம் மருத்துவர் சொன்னதை நான் நம்பினேன்.

மேலே அச்சுக்கட்டு ஒன்று ஒரு கிழமைக்கு இருந்தது. உள்ளே எலும்பு தங்கி நிற்காது என்று தெரிந்தால் ஒன்றிரண்டு நாட்களுக்குத் துணியும் அடைப்பார்கள், இவனுக்குத் தேவைப்படவில்லை. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தியச் சுவடி ஒன்றில் மூக்கு முறிவுக்குச் சொல்லியிருப்பதும் கிட்டத்தட்ட இதுவே: உறைந்த இரத்தத்தைத் துடைத்தெடுத்து, கொழுப்பில் தோய்த்த துணித் திரிகளைத் துவாரங்களில் வைத்து, வெளியே விறைப்பான துணிச் சுருள்களால் அணைகட்டவேண்டும். முதலில் உள்ளே துடைத்துச் சுத்தம் செய் என்பதை அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். என் அண்ணாவுக்கு அடிபட்ட நாளில் அதைத்தான் ஒருவரும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்தபின் கெடுவதற்கும் வழிகள் உண்டு, பெரும்பாலும் அன்பால். குப்புறப் படுக்காமல் தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், மூக்கைச் சிந்தக்கூடாது, மூக்குத்தண்டில் பாரம் ஏறும்படி கண்ணாடி போடக்கூடாது, பந்து படக்கூடிய விளையாட்டுக்கு ஆறு வாரமாவது போகக்கூடாது. அம்மாவோ கட்டு அவிழ்த்த அன்றே, "மோனை, கொஞ்சம் வலப்பக்கம் நிக்குதடா" என்று பெருவிரலோடு வந்துவிட்டார். காலையும் மாலையும் அமத்திவிட்டால் நேராகும் என்பது அவருடைய சித்தாந்தம். பிறந்த குழந்தையின் மூக்கை எண்ணெய் தடவிப் பிடித்துவிட்ட கை அல்லவா. மருமகனும் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு நாளும் படமெடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த வீக்கம் முழுவதும் அடங்க மாதங்களாகும். நன்றாக வந்ததா இல்லையா என்று மூன்று மாதத்துக்கு முன் சொல்வதே பிழை, கடைசி வடிவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். மூன்றாம் வாரத்தில் பார்த்து, பிழைத்துவிட்டது என்று முடிவுகட்டி வேறொருவரிடம் ஓடிப்போய் மறுபடி கைவைக்கச் சொல்வதால் கெட்ட மூக்குகளைப் பற்றியும் அந்த இளம் மருத்துவர் சொன்னார்.

இப்போது மேல்பாதி நேராக நிற்கிறது, தண்டில் கைக்குத் தட்டுப்படுகிற ஒரு சின்னப் புடைப்பைத் தவிர. கீழ்ப்பாதி பழையபடி இடப்பக்கம் சரிந்திருக்கிறது, அடையாள அட்டையில் உள்ளதுபோலவே. அதைப் பற்றித்தான் இப்போது வீட்டில் வாதம். பெடியன் வெளிநாடு போக முதல், கலியாணம் காட்சிக்கு முதல், கொழும்புக்கு என்றாலும் கொண்டுபோய் முழுவதும் நேராக்கிவிடவேண்டும் என்கிறார் அக்கா. முன்பிருந்த சரிவு முன்பு அவருடைய கண்ணில் படவில்லை, இப்போது வேறெதுவும் படுவதில்லை. அண்ணா ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து, "மூச்சு எடுக்கக் கஷ்டம் எண்டால் செய்யட்டும், வடிவுக்கு எண்டால் அவன் கேக்கட்டும், நீ கேக்காதை" என்றார். நிமிர்த்தி ஆறு மாதமாவது போகாமல் இதைப் பற்றிப் பேசவே முடியாது என்று நிபுணர் மறுத்துவிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு இந்த வயதில் மூக்கின் வளர்ச்சி முடிந்தும் முடியாமலும் இருக்கும் என்பதால் இன்னும் பிந்தினாலும் நட்டமில்லை என்றார். மருமகனுக்கு இடப்பக்கத் துவாரம் சற்று இறுக்கம். இரவில் அதைப் பற்றி முறையிடுவதில்லை, ஓடும்போது மட்டும் தெரிகிறது என்கிறான். அவன் இப்போது கேட்டிருப்பது கம்பிவலை வைத்த தலைக்கவசம் ஒன்று. யாழ்ப்பாணக் கடைகளில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா அதற்கும் இன்னும் சம்மதிக்கவில்லை, கிரிக்கெட்டையே நிறுத்தவேண்டும் என்று நிற்கிறார்.